வாரத்துக்கு ஒரு பாக்கெட்

என் அக்காள் புருஷனை நான் மதித்ததே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது. முப்பது வருஷமாக அவர் எனக்கு அத்தான். அந்த முப்பது வருஷத்தில் 'எனக்குத் தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மழை எப்போது இறங்கும், எந்தக் கட்சி ஜெயிக்கும், எதிர்வீட்டு மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அவருக்குத் தெரியும். விளாத்திகுளத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிற விவசாயிகள், எங்கள் பேச்சில் சம்சாரிகள், வாய்க்கு வாய் 'அண்ணாச்சி' போட்டு அவரைக் கெடுத்து வைத்திருந்தார்கள். மிளகாய்ச் செடியில் இலை சுருண்டால் அவரிடம்தான் ஓடி வருவார்கள். பத்துக்கு எட்டு தடவை சரியாகத்தான் சொல்லுவார், அதை மறைக்கக்கூடாது. அந்த எட்டுதான் மனுஷனுக்குத் தலைக்கு ஏறியது.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். குளத்தூர் போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிற ஒரு ஊரில் துணை சுகாதார நிலையம். அதைச் சுற்றி நாலைந்து ஊர்களுக்கு ஸ்கூட்டரில் போய்வருவேன். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுப்பது என்று இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. நான் ஊசி போட்ட பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அத்தான் கண்ணுக்கு இது ஒரு வேலையே இல்லை. 'சொட்டு மருந்து விடுதவ' என்பார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் அவர் ஒரு மாத்திரை சொல்லுவார், அப்புறம் கைப்பேசியில் வந்த ஏதாவது ஒரு வீடியோ சொல்லும், மூன்றாவதாகத்தான் என் பேச்சு. சில சமயம் அதுவும் கிடையாது.

விஷயம் அக்காளின் முழங்காலில் ஆரம்பித்தது. போன வருஷம் ஆனி மாதம் அவளுக்குப் படியேற முடியவில்லை. இடுப்பு, முதுகு, காலெலும்பு எல்லாம் குத்துகிறது என்றாள். கோவில்பட்டியில் ஒரு டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கரிசல் காட்டில், வருஷத்தில் பத்து மாதம் மண்டையைப் பிளக்கிற வெயிலில், வெயிலால் கிடைக்கிற சத்து ஒருத்திக்குக் குறையுமா? டாக்டரம்மா என் சிரிப்பைக் கவனித்துவிட்டார்.

"வெயில் அடிக்கிற ஊர்ல இருந்தா போதுமா? வெயில்ல நிக்கணும்லா? கடைசியா எப்போம்மா வெயில்ல நின்னீங்க?" என்று அக்காளைக் கேட்டார்.

அக்காள் யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்தது. காலையில் அடுப்படி, மத்தியானம் டிவி, சாயங்காலம் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் ஃபேனுக்கு அடியில். கோவிலுக்குப் போனாலும் குடை. இருபத்தாறு வருஷம் சுகாதாரத் துறையில் இருந்தவள் சிரித்த சிரிப்புக்கு அதுதான் பதில். முதல் அசட்டுத்தனம் என்னுடையது என்பதை இங்கேயே எழுதிவைத்துவிடுகிறேன்.

டாக்டரம்மா பவுடர் எழுதிக் கொடுத்தார். சின்னச் சின்னப் பாக்கெட். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார்: "வாரத்துக்கு ஒரு பாக்கெட். ஒரு கிழமையை வச்சுக்கோங்க, அந்தக் கிழமையில மட்டும். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் பால்ல கலக்கிக் குடிங்க. எட்டு வாரம். ஒரு வாரம் மறந்துட்டா அடுத்த வாரம் ரெண்டாச் சேத்துக் குடிக்கக்கூடாது. எட்டு முடிஞ்சதும் இங்க வரணும், ரத்தம் பாத்துட்டுத்தான் மேற்கொண்டு." கிட்னியில் கல் இருந்ததா, வேறு ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடுகிறாளா என்றெல்லாம் கேட்டார். தினம் ஒன்று என்று கால்சியம் மாத்திரையும் எழுதினார். அந்தப் பவுடர் அக்காளுக்கு, அக்காளுக்கு மட்டும். அது சீட்டிலேயே அவள் பெயருக்குக் கீழேதான் இருந்தது.

அக்காள் சொன்னபடி கேட்கிறவள். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டாள். தினசரி காலண்டரில் எட்டு ஞாயிற்றுக்கும் பேனாவால் வட்டம் போட்டாள். ஆவணி பிறந்தபோது வலி பாதியாகக் குறைந்து, மொட்டைமாடிக்கு ஏறி வற்றல் காயப்போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள். அத்தான் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் காலையில், தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். கடை திறக்கக் காத்திருந்த இரண்டு சம்சாரிகள் வாசற்படியில் இருந்தார்கள். அக்காள் பால் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தான் ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அதில் கொட்டி, விரலாலேயே கலக்கினார்.

"நீங்களும் ஆரம்பிச்சாச்சா அத்தான்? டாக்டர்ட்ட காட்டுனீங்களா?" என்றேன்.

"எதுக்கு? ஒங்க அக்காளுக்குக் குறைஞ்சிருக்குன்னா எனக்கும் குறைஞ்சுதான இருக்கும். ஒரே சோத்தைத்தான திங்கோம்."

"ரத்தம் பாக்காம குடிக்கக்கூடாது. சரி, என்ன கிழமை வச்சிருக்கீங்க?"

"என்ன கிழமை? தெனமும்தான்."

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன். அக்காளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"தெனமுமா? அது வாரத்துக்கு ஒண்ணுல்லா?"

"அது ஒங்க அக்கா மாதிரி வீட்டுக்குள்ளயே கெடக்கவியளுக்கு. வாரத்துக்கு ஒண்ணு குடிச்சா எப்பம் ஒடம்புல ஏற? எட்டு வாரம் இழுத்தாத்தான் டாக்டர்மாருக்குப் பொழைப்பு. நான் ஒரே மூச்சில ஏத்திருவேன். இன்னையோட பதினஞ்சு நாளாச்சு. நடை பாரு, எப்படி இருக்குன்னு."

அக்காளின் பழைய சீட்டைக் காட்டித்தான் பவுடர் வாங்கியிருக்கிறார். மருந்துக் கடைக்காரன் எட்டுப் பாக்கெட் எழுதிய சீட்டுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுத்திருக்கிறான், யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைப் பற்றி எழுத எனக்கு மரியாதையான வார்த்தை கிடைக்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். "ஒரு பாக்கெட்ல அறுபதாயிரம் யூனிட் இருக்கு அத்தான். ஒரு வாரத்துக்கும் சேத்து ஒண்ணா அடைச்சு வச்சது அது. கூடினது மூத்திரத்துல போயிருத சத்தும் இல்ல இது. ஒடம்புக் கொழுப்புல போய் ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல இருக்கும். ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து ஏறிப்போயிரும். கிட்னிக்கு ஆகாது."

"மாத்திரையா இது? ஊசியா? பவுடர்தான? பிள்ளையளுக்குப் பால்ல போட்டுக் குடுக்குத மாதிரி இனிப்பா இருக்கு. இது என்னத்தைச் செய்யப் போவுது?"

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது ஒரு வேதம். ஊசி என்றால் பெரிய மருந்து, மாத்திரை என்றால் சின்ன மருந்து, பவுடர் என்றால் சாப்பாடு. பாலில் கரைந்துவிட்டால் அது மருந்தே இல்லை. இந்த அறிவை மாற்றத்தான் எனக்கு அரசாங்கம் இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறது. என் அக்காள் வீட்டு முன்னறையிலேயே மாறவில்லை.

அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று நினைத்தேன். "கடையில டேங்குக்கு முப்பது மில்லின்னு சொல்லி மருந்து குடுக்கீங்க. ஒருத்தன் போயி எரநூறு மில்லி ஊத்தித் தெளிச்சா என்ன சொல்லுவீங்க?"

"செடி கருகிரும், கிறுக்குப் பயலேன்னு சொல்லுவேன்."

"அப்போ இது?"

"நான் என்ன செடியா?" என்றார். வாசற்படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் போதுமானதாக இருந்தது. டம்ளரைக் காலி பண்ணிவிட்டு, அவர்களைப் பார்த்தபடியே சொன்னார்: "சொட்டு மருந்து விடுதவ எனக்கு வைத்தியம் சொல்லித் தர வந்துட்டா. ஏட்டி, காப்பியைக் குடிச்சிட்டுப் போயி ஒன் பிள்ளையளைப் பாரு."

காப்பியைத் தொடாமல் எழுந்தேன். அடுப்படிக்குப் போய் அக்காளிடம், "நீ பால் ஆத்திக் குடுக்காத. பாக்கெட்டை எடுத்து ஒளிச்சு வை," என்றேன். "நான் சொன்னா கேப்பாவளாட்டி?" என்றாள். இனிமேல் இந்த வீட்டில் மருந்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். தலைகீழாக நின்றாலும் சரி, அவராக வந்து கேட்கட்டும்.

புரட்டாசி முழுக்க நான் அந்தப் பக்கம் போகவில்லை. விதைப்புக் காலம், அவருக்கும் கடையில் நல்ல கூட்டம். உரம் வாங்க வந்தவனுக்கெல்லாம் பவுடர் மகிமையைச் சொல்லுகிறார் என்று அக்காள் ஃபோனில் சொன்னாள். அவளுடைய மிச்சக் கால்சியம் மாத்திரையையும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று அவரே போட்டுக்கொள்கிறாராம். காலையில் கேழ்வரகுக் கூழ் வேறு. எலும்பு இரும்பாகிவிடும் என்று எண்ணம். 'நடக்கட்டும்' என்றேன்.

ஐப்பசி நடுவில் மறுபடியும் ஃபோன்.

"ஒரு வாரமா அவியளுக்குச் சோறு எறங்கலட்டி. தண்ணிதான் குடிக்காவ. குடம் குடமாக் குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போறாவ."

"சுகர் பாத்தியா?"

"பாத்தாச்சு. சுகர் இல்லையாம்."

"வயிறு போகுதா?"

"அஞ்சு நாளாச்சாம். கடுக்காய்ப் பொடி வாங்கிக் குடிக்காவ."

தாகம், அடிக்கடி மூத்திரம், மலச்சிக்கல், சாப்பாடு வேண்டாம், சர்க்கரை இல்லை. என் படிப்பு படித்த எவளுக்கும் இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. 'இன்னும் அந்தப் பவுடரைக் குடிக்கிறாரா?' நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது வாசற்படியில் இருந்த அந்த இரண்டு பேருடைய சிரிப்பு காதில் கேட்டது. இவ்வளவு நாள் குடித்திருக்கமாட்டார், எப்போதோ நிறுத்தியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ," என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அவர் டாக்டரிடம் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் போனது.

கார்த்திகையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. கடைக்கு வந்த சம்சாரி ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னது. மிளகாயில் இலைப்பேன் விழுந்திருக்கிறது, மருந்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அத்தான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்து வைத்திருக்கிறார். நல்லவேளை, அந்த மனுஷன் படிக்கத் தெரிந்தவர்.

"அண்ணாச்சி, இது களைக்கொல்லில்லா? இதைத் தெளிச்சா மொளகாக் காடு பூராக் காஞ்சு போயிருமே."

"போடு, போடு. எல்லாம் ஒண்ணுதான்," என்றாராம் அத்தான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தச் சம்சாரியைப் பார்த்து, செத்துப்போன தன் அப்பாவிடம் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார். சம்சாரிதான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டுக்கு ஓடி அக்காளைக் கூட்டிவந்திருக்கிறார்.

அக்காள் எனக்கு ஃபோன் பண்ணி, "நீ வா," என்றாள்.

முந்தின நாள் நல்ல மழை. மண்பாதையில் ஸ்கூட்டர் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் அப்பிக்கொண்டு சுற்ற மறுத்தது. இறங்கி ஒரு பருத்திக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு, நூறு அடி ஓட்டி, மறுபடியும் இறங்கி நோண்டினேன். யூனிபார்ம் சேலை முழங்கால் வரைக்கும் சேறு. அவர்மேல் கோபம், மண்மேல் கோபம், அதற்கெல்லாம் அடியில் வேறு ஒன்று இருந்தது. அதை நான் நினைக்காமல் தள்ளிக்கொண்டே போனேன்.

அத்தான் கட்டிலில் கிடந்தார். பத்துப் பதினைந்து கிலோ இறங்கியிருக்கும். உதடு வெடித்து, நாக்கு உலர்ந்து, கண் எங்கேயோ பார்த்தது. குனிந்து கேட்டேன். "அத்தான், அந்தப் பவுடரை இன்னும் குடிக்கீங்களா?"

அந்த நிலைமையிலும் மனுஷன் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "ஒரு நாள் விடல," என்றார்.

அக்காள் சுவரோரம் நின்றாள். "இன்னைக்குக் காலையிலயும் நான்தான் ஆத்திக் குடுத்தேன்," என்றாள். அப்புறம், "சோறு எறங்கலையே, சத்தாவது போகட்டும்னு இன்னைக்கு ரெண்டு பாக்கெட் போட்டேன்," என்றாள்.

மருந்துச் சாமான் வைக்கிற தட்டில் காலிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். கார் பிடித்துக் கோவில்பட்டியில் அந்த டாக்டரம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காள் வழி முழுக்க அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் முன் சீட்டில் இருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அல்சராக இருக்கலாம் என்றார். "கால்சியம் பாருங்க சார்," என்றேன். சேறு படிந்த என் சேலையை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். சொன்னேன். "சரிம்மா, என்ன பாக்கணுமோ அதை நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார். அத்தானுக்கே ஒரு தம்பி முளைத்த மாதிரி இருந்தார், அதே உதட்டுச் சுழிப்பு. இந்தத் தடவை நான் கோபித்துக்கொண்டு போகவில்லை. பையைத் திறந்து காலிப் பெட்டிகளை அவர் மேஜையில் கவிழ்த்தேன்.

"வாரத்துக்கு ஒண்ணு குடிக்க வேண்டியது. எண்பது நாளுக்கு மேல தெனமும் குடிச்சிருக்காவ. கூட கால்சியம் மாத்திரை வேற."

அவர் ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தார். அப்புறம் ரத்தம் எடுக்கச் சீட்டு எழுதினார். அந்த மட்டுக்கு அவர் அத்தானைவிட மேல்.

பத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய கால்சியம் பதினாலைத் தாண்டியிருந்தது. கிட்னிக்கான அளவும் ஏறிக் கிடந்தது. உப்புத்தண்ணீர் டிரிப் ஓடியது, ஒன்று முடிந்தால் இன்னொன்று. அக்காளைப் பார்த்த அதே டாக்டரம்மா மறுநாள் காலையில் வந்து நின்றார். அத்தான் அரைக் கண் திறந்து கிடந்தார்.

"ஒங்க சீட்டுல அவருக்கு வாங்கச் சொல்லி யாரும்மா சொன்னா?" என்று அக்காளைக் கேட்டார். அக்காள் அழுதாள். என்னைப் பார்த்து, "நீங்க இதே துறையில இருக்கீங்களே, ஒங்களுக்குத் தெரியாதா இது?" என்றார்.

"தெரியும் மேடம்," என்றேன்.

டாக்டரம்மா போன பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அக்காள் என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் தண்ணியாக் குடிக்காவன்னு ஃபோன்ல சொன்னேம்லா. அப்பமே தெரியுமாட்டி ஒனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "சந்தேகம் இருந்திச்சு," என்றேன்.

"சந்தேகம்னா ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அவிய அன்னைக்கு அத்தனை பேருக்கு முன்னால..." என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பாட்டில் நிறைந்துதான் இருந்தது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பவுடர் கிடையாது, கால்சியம் மாத்திரை கிடையாது, பால், தயிர் கிடையாது, கேழ்வரகு கிடையாது. நெத்திலிக் கருவாடும் கிடையாது என்றபோதுதான் அத்தானுக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது. குடித்ததெல்லாம் உடம்புக்குள் இருந்து மெல்ல மெல்லத்தான் இறங்கும், மாதக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் அடிக்கடி ரத்தம் பார்க்கவேண்டும் என்றார்கள். புத்தி நாலாம் நாளே தெளிந்துவிட்டது. கிட்னி மட்டும் பழைய நிலைமைக்கு முழுசாக வரவில்லை. இப்போதும் மாதம் ஒரு தடவை கோவில்பட்டிக்குப் போகிறார். ஒரு வலி மாத்திரை போடுவதென்றாலும் டாக்டரைக் கேட்டுத்தான் போடவேண்டும்.

மன்னிப்பா? அவரா? வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பார்க்க வந்தவர்களிடம், "பவுடர் டூப்ளிகேட்டு. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் நின்றேன். என்னைப் பார்க்கவே இல்லை.

எனக்கு வேறு கவலை இருந்தது. இந்த மனுஷன் இரண்டரை மாதமாகக் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணியிருக்கிறாரே, யார் யார் கேட்டார்கள்? அவரிடம் கேட்டால், "நான் ஒருத்தருக்கும் சொல்லல," என்றார். ஷட்டரை இறக்கிய அந்தச் சம்சாரிதான் நாலு பேரைச் சொன்னார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் போனேன். இரண்டு பேர் வாங்கவே இல்லை. அண்ணாச்சி சொல்லுவதைக் கேட்டுத் தலையாட்டினால்தான் உரத்தைச் சீக்கிரம் கொடுப்பார், அதனால் தலையாட்டினோம் என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஒருவர் மூன்று நாள் குடித்துவிட்டு, பால் விலைக்குப் பயந்து விட்டுவிட்டார்.

நாலாவது ஒரு பெண். மிளகாய்க் காட்டில் கூலிக்குப் போகிறவள், நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவள். யாரும் ரத்தம் பார்த்துச் சொல்லாமல் அவளுக்கு இந்தப் பவுடர் எதற்கு? பன்னிரண்டு நாள் குடித்திருக்கிறாள். அது போதாதென்று மகள் வழிப் பேத்திக்கு, மூன்று வயதுப் பிள்ளைக்கு, அதில் பாதியைக் கஞ்சியில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"எத்தனை நாள் குடுத்த?"

"ஒரு நாலஞ்சு நாள் இருக்கும் நர்ஸம்மா. பவுடர்தானன்னு நெனச்சேன். பிள்ள மெலிவா இருக்கேன்னு."

அந்தத் தெருவே கேட்கும்படி வைதேன். என்ன வைதேன் என்று எழுத முடியாது. அவள் மிச்சப் பாக்கெட்டுகளை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அன்றைக்கே இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டுபோய் ரத்தம் பார்க்க வைத்தேன். பிள்ளைக்கு ஊசி குத்தும்போது அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் அளவு சரியாகவே இருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் சாப்பாடு இறங்கியது.

அக்காள் என்னோடு பேச மாசி ஆகிவிட்டது. அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை. மறுபடியும் எடுத்த தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுவந்து, "இதுல எனக்குச் சரியா இருக்கான்னு பாரு," என்றாள். சரியாக இருந்தது. இனிமேல் மாதம் ஒரு பாக்கெட் போதும் என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். அக்காள் காலண்டரில் வட்டம் போட்டுக்கொண்டாள். பெட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு நாள் கடைக்குப் போனேன். ரோட்டோரம் எல்லாம் மிளகாய் வற்றல் காய்ந்தது, தும்மிக்கொண்டே உள்ளே நுழைந்தேன். அத்தான் பழைய நாற்காலியில் இருந்தார். வாசலில் மோட்டார் சைக்கிள் இன்ஜினை அணைக்காமலே ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, என் வீட்டுக்காரிக்கு ஏதோ வைட்டமின் டி பவுடர் எழுதியிருக்காவ. நீங்களும் குடிச்சியளாமே, நல்லதா?"

"அது டூப்ளிகேட்டு நெறைய வருது, தம்பி..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"டூப்ளிகேட்டெல்லாம் இல்ல," என்றேன் நான். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். "வாரத்துக்கு ஒரு பாக்கெட் குடிக்க வேண்டியதை இவிய தெனமும் ஒண்ணு குடிச்சாவ. யார் சொல்லியும் கேக்கல. அதான் பதினோரு நாள் டிரிப்புல கெடந்தாவ." அத்தான் முகம் கறுத்தது. எழுந்து, அடுக்கி வைத்திருந்த மருந்து டப்பாக்களை மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

மோட்டார் சைக்கிள்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் என்ன கிழமைக் கணக்குச் சொல்லியிருக்கிறாரோ அதன்படி மட்டும், சாப்பிட்ட பிறகு, எழுதிய ஆளுக்கு மட்டும், எழுதிய வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு ரத்தம் பார்க்க, மறந்த வாரத்துக்குச் சேர்த்துக் குடிக்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல். தாகம், வாந்தி, மலச்சிக்கல் என்று ஏதாவது வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொன்ன மாதிரி குடிங்கன்னு சொன்னாப் போதுமே," என்றார். "இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?" வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.